வெளியிலிருந்து பூட்டிய கதவு

திருப்பூர் ராயபுரத்தில் தனி வீடு எடுத்துக் குடியேறிய முதல் எட்டு மாதமும், இரவில் என் கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்பட்டது. பூட்டிச் சாவியைக் கொண்டுபோனவர் எனக்கு உதவியாளராக வரும் அக்கா. அப்படிச் செய்யச் சொன்னது நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கு அந்த அக்காவைக் குறை சொன்னவர்கள் உண்டு.

கழுத்துப் பக்கம் தண்டுவடம் அடிபட்டு எனக்கு ஆறு வருடம் ஆகிறது. அண்ணனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து குன்னத்தூரிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு நாய் குறுக்கே ஓடியது. அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு மார்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகளைத் தூக்குவேன், மடக்குவேன். விரல்கள் மட்டும் எதையும் பிடிக்காது. சிறுநீர் ஒரு டியூப் வழியாகக் கட்டிலோரம் தொங்கும் பைக்குப் போகும்.

ஐந்து வருடம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசியதில்லை. ஆனால் அண்ணன் என் அறை வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார். என்னைப் பார்த்தால் அவருக்கு அந்த ரோடு ஞாபகம் வந்துவிடும். ஒரு நாள் அவர் தலையைக் குனிந்துகொண்டே, "சாப்பிட்டியா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது, இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். அவருக்காகவும்தான்.

அதற்கு வழி இருப்பதைச் சொன்னவர் ஒரு சேவை மையத்தின் ஒருங்கிணைப்பாளர். சிறு வயதில் போலியோ வந்தவர். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் திருப்பூர் முழுக்கச் சுற்றுவார். தனியாக வாழ நினைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குக் காலையும் மாலையும் உதவியாளர் அனுப்புவது, வாரம் ஒரு முறை பிசியோதெரபி, சக்கர நாற்காலியைப் பழுது பார்ப்பது, இவையெல்லாம் அந்த மையத்தின் வேலை. நான் முன்பு வேலை பார்த்த எக்ஸ்போர்ட் ஆபீசில் பேசி, பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் வேலையை எனக்கு வீட்டிலிருந்தே வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். உள்ளங்கையில் ஒரு குச்சியைப் பட்டையால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவேன்.

அக்கா காலை ஏழு மணிக்கு வருவார். சிவகாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முன்பு பனியன் கம்பெனியில் பீஸ் மடித்தவர், மையத்தில் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தார். என்னைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சமைத்து வைத்துவிட்டுப் போவார். மாலை திரும்ப வந்து, ஒன்பது மணிக்குக் கட்டிலில் படுக்க வைத்துப் போவார். அதன் பிறகு மறுநாள் ஏழு மணி வரை நான் மட்டும்.

எனக்குப் பயம் பக்கத்து வீட்டின் மேல் இருந்தது. ஒட்டுச் சுவருக்கு அப்பால் ஒரே அறையில் வடக்கிலிருந்து வந்த ஐந்து ஆண்கள். ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போவார்கள். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் வீட்டுக்காரம்மா முதல் நாளே, "பாத்து இருந்துக்க கண்ணு, பாஷை தெரியாதவங்க" என்று சொல்லி வைத்திருந்தார். ஓடவும் முடியாது, தள்ளவும் முடியாது, நெஞ்சுத் தசை பலவீனமாக இருப்பதால் உரக்கக் கத்தவும் முடியாது. இப்படிப்பட்ட ஒருத்தி தனியாகப் படுத்திருக்கும்போது சுவருக்கு அப்பால் ஆண்கள் சிரிக்கும் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதை யாரிடமும் விளக்க எனக்குத் தெரியவில்லை. பூட்டச் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளருக்கு இது பிடிக்கவேயில்லை.

"பக்கத்துல ஒருத்தர்கிட்டயாவது இன்னொரு சாவி இருக்கோணுமுங்க. அவசரம்னா யாருங்க வந்து தொறப்பாங்க?"

"பக்கத்துல யாருங்க இருக்காங்க? அவங்கதானே?"

"அவங்ககிட்டயே குடுங்கன்னுதான் சொல்றேன்."

முடியாது என்றேன். அவர், "உங்க ஊடுங்க. நீங்கதான் முடிவு பண்ணோணும்" என்று எழுந்து போனார்.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அக்கா வரவில்லை. ஏழு கால் ஆயிற்று. பஸ் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழரைக்கு போன் செய்தேன். விரல் மூட்டால் திரையைத் தட்டுவேன். சுவிட்ச் ஆப் என்று வந்தது. அவர் ஒருபோதும் போனை அணைத்து வைப்பவர் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பின்மண்டையில் ஒரு துடிப்பு தொடங்கியது. நெற்றி வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, இருந்தும் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னைப் போலத் தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு ஆபத்து உண்டு. டியூப் அடைத்துச் சிறுநீர் உள்ளே தேங்கினால் வலி தெரியாது. ஆனால் உடம்பு வேறு வழியில் அலறும். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அடைப்பை எடுக்காவிட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியில் இதைப் பயத்தால் வந்த தலைவலி என்று நினைத்து என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். அன்று கண் இருட்டியதை நான் மறக்கவில்லை.

எப்படியாவது உட்கார வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு நீளப் பட்டை கட்டியிருந்தது. அதற்குள் முழங்கையை நுழைத்து இழுத்து இழுத்து எழுந்தேன். இரண்டு கைகளும் பட்டைக்குள் இருக்கும் வரைதான் அப்படி உட்கார முடியும். ஒன்றை எடுத்தாலும் பின்னால் சாய்ந்துவிடுவேன். பையை எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. டியூப் போர்வைக்குள் எங்கோ போனது. கையை எடுத்துத் தேட வழியில்லை.

போன் மடி மேல் கிடந்தது. தாடையால் தட்டி ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார். கணியூரில் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். திரும்பி வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"தலை துடிக்குதுங்க. பையில ஒண்ணுமே வரலீங்க."

"உக்காந்திருக்கீங்களா?"

"ஆமாங்க."

"படுத்துறாதீங்க. நான் நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டு உடனே திரும்பக் கூப்புடறேன். அதுக்குள்ள யாரையாவது கூப்புட்டுக் கதவைத் தொறக்கச் சொல்லுங்க."

வீட்டுக்காரம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. பூட்டை நினைத்தபோது எனக்கு வந்த பயத்தை இப்போதும் உடம்பில் உணர்கிறேன். தலைக்குள் யாரோ இரும்பால் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, அதன் ஓரங்கள் கரைய ஆரம்பித்தன. இங்கேயே இப்படியே போய்விடப் போகிறேன், காலை வெளிச்சத்தில், ஊரே விழித்திருக்கும்போது, என்று நினைத்தேன்.

கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே பொதுக் குழாய். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கத்தினேன். எனக்கே கேட்காத குரல். ஜன்னலோரம் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. தலையைச் சாய்த்து நெற்றியால் இடித்தேன். அது கம்பியில் மோதிக் கீழே விழுந்து உருண்டது.

குழாய் சத்தம் நின்றது. ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பக்கத்து அறையில் இருக்கும், பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர். நாற்பது வயதிருக்கும், காதோரம் நரைத்தவர். வாயில் பிரஷ் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டார்.

"மேடம்? என்ன ஆச்சு?"

"கதவு... பூட்டை உடைங்க. சீக்கிரம்."

அவர் வாசல் பக்கம் போனார். பூட்டை ஆட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஜன்னலுக்கு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நா உடைச்சா ஆள் வந்து அடிப்பாங்க மேடம். நீங்க லேடீஸ். நாங்க வெளியூர்க்காரன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எட்டு மாதமாக நான் அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் என் கதவைப் பார்த்துப் பயந்து நின்றார். அவர் பயந்ததில் தப்பில்லை. எட்டு மாதமாக நானே அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. தாடையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் தெரிந்த கொஞ்சம் இந்தியில் அவரிடம் பேசினார். இடையிடையே தமிழிலும், "அண்ணா, நான் பொறுப்புங்க. யாரு கேட்டாலும் என்ற பேரைச் சொல்லுங்க. உடைங்க!" என்று கத்தினார். அதற்குள் தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அயர்ன் மாஸ்டர் அவர்களையும் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க, மேடம் சொல்லித்தான் உடைக்கிறேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு கல்லின் சத்தம். ஐந்தாறு அடியில் கதவு திறந்தது.

அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அந்த அவசரத்திலும் கழற்றினார்.

ஒருங்கிணைப்பாளர் வீடியோவைப் போடச் சொன்னார். "பைல இருந்து டியூபைத் தொட்டுக்கிட்டே மேல போங்க. எங்க மடிஞ்சிருக்குன்னு பாருங்க." அவர் பையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். போர்வை ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "மன்னிச்சிடுங்க மேடம்" என்று சொல்லி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, போர்வையோடு சேர்த்து என் வலது தொடையைத் தூக்கினார். விடியற்காலையில் கால் தானாக இழுத்துத் திருகியபோது டியூப் அதற்கடியில் போய் மடிந்திருக்கிறது. அதை அவர் இழுத்து நேராக்கினார்.

பைக்குள் சிறுநீர் விழும் சத்தம் கேட்டது. நான் அழுதேன். அவர் கட்டிலுக்குப் பின்னால் வந்து நின்று, என் முதுகு சாயாமல் இரண்டு தலையணையைப் பிடித்துக்கொண்டார். தலையில் இடிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்பாகக் குறைந்தது. ஆம்புலன்ஸ் வந்து அழுத்தம் பார்த்தபோது இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவர்களிடம் கேட்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா வந்தார். வரும் வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முழங்காலில் கட்டு. போன் நொறுங்கிப் போயிருந்தது. உடைந்த பூட்டைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏசப்பா, சாவி எங் கையிலல்ல இருந்துச்சு. உன்னைய உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போனனே தாயி" என்று தலையில் அடித்துக்கொண்டார். திட்ட வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மதியம் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அடிபட்ட பிறகு முதல் முறையாக என் அறைக்குள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"போதும் அம்மிணி. ஊட்டுக்குப் போலாம் வா."

போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் வாயில் வேறு வந்தது. "அங்க டியூப் மடிஞ்சா யாருண்ணா பாப்பாங்க? நீங்க தோட்டத்துல இருப்பீங்க. அண்ணிக்கு இது என்னன்னே தெரியாது. இங்க இன்னைக்கு ஒருத்தருக்குத் தெரியும்."

அண்ணன் கட்டிலோரம் தொங்கிய பையைப் பார்த்தார். "எனக்கும் சொல்லிக் குடு" என்றார். அக்கா அவருக்கு டியூபைக் காட்டிக் கொடுத்தார். அவர் கற்றுக்கொண்டார்.

மாலையில் வந்த ஒருங்கிணைப்பாளர், நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாத்தினால் தானே விழும் உள்தாழ்ப்பாளைக் கதவுக்குப் போட்டு, மணிக்கட்டால் இழுத்துத் திறக்கும்படி கட்டிலிலிருந்து அதற்குக் கயிறு கட்டச் செய்தார். அக்கா வராவிட்டால் ஏழு கால் மணிக்குள் மையத்திலிருந்து போன் வரும் என்று ஏற்பாடானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபிஸ்ட் வந்து, பக்கத்து அறை ஆண்களையும் வீட்டுக்காரம்மாவையும் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். தலைவலி, வியர்வை, உட்கார வை, படுக்க வைக்காதே, டியூபைப் பார். இதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பின்மண்டையில் லேசாக வலித்தாலும் வாய் உலர்ந்துவிடுகிறது. உள்தாழ்ப்பாளோடு படுத்த முதல் வாரம் ஒழுங்காகத் தூங்கவில்லை. சுவருக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் ஒரு கணம் மூச்சு நிற்கிறது. பிறகு அது யாருடைய சிரிப்பு என்று தெரிந்துவிடுகிறது.

போன மாதம் அயர்ன் மாஸ்டர் இருபது நாள் லீவில் ஊருக்குப் போனார். மகளுக்குக் கல்யாணம். கிளம்பும் முன் அறையில் இருக்கிற இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். புதிதாக வந்தவர், கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவர் வந்திருக்கவில்லை.

"இவருக்குச் சொல்லிட்டேன் மேடம். நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

அந்த ஆள் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்கும் என்னைப் பார்த்துப் பயமாக இருந்திருக்க வேண்டும். தலைவலி என்று நான் சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலையும் பையையும் பார்த்தார்.

"பிட்டாவ்," என்றார் இந்தியில். பிறகு யோசித்துத் தமிழில், "உக்கார வைக்கணும்."

"அப்புறம்?" என்று கேட்டேன்.