குளத்தை விட்டு ஏறிய தேரைகள்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். 1997 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. மாலை 6.40.

ஜெர்மனியில் எங்கள் ரூர் சீமையில் பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டி வெட்டி, மேலே இருந்த கோதுமை வயல் ஆறு மீட்டர் இறங்கிவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமானது. சுரங்கத்தை மூடி இருபது வருடமாகியும் நிலம் அடங்கவில்லை. அந்தக் குளத்துக்குத்தான், வருடத்தின் முதல் வெதுவெதுப்பான மழையில், தேரைகள் முட்டையிட வரும். நடுவில் தார்ச்சாலை. காரில் நசுங்காமல் அவற்றை வாளியில் பொறுக்கிக் குளத்தில் விடுவது எங்கள் ஊர் வழக்கம். நானும் பக்கத்து வீட்டு ரோஸ்விதாவும் ஒன்பது வருடமாகச் செய்துவந்தோம்.

அன்று தேரைகள் குளத்திலிருந்து சாலையை நோக்கி ஏறி வந்தன.

"இதுங்க ஏன்டீ திரும்பி வருது?"

"முட்டை போட்டாச்சோ என்னவோ."

"வயிறு புடைச்சு இருக்கு. ஒண்ணும் போடல."

"அப்போ வழி தப்பிருக்கும். முதுகுல புருஷனையும் சுமந்துக்கிட்டு வருது பாரு, என் கல்யாண வாழ்க்கை மாதிரி. அள்ளு, இல்சே, திரும்பக் கொண்டுபோய் விட்டுடலாம்."

அந்தத் தப்பைத்தான் செய்தோம்.

என் வாளி நிரம்பியது. இன்னொரு வாளி எடுக்க ரோஸ்விதா வீட்டுக்குப் போனாள். நான் குளத்துக்கு இறங்கினேன். மணி 7.05.

தவளைச் சத்தம் இல்லை. வாத்துகள் இல்லை. தண்ணீர், நேற்று நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் உள்வாங்கியிருந்தது.

"இல்சே... இங்க வா."

ரோஸ்விதாவின் குரல். குளத்துப் பக்கமிருந்து. குறுக்கு வழியில் வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"எங்கடீ இருக்கே?"

"இங்கதான். இன்னும் கொஞ்சம் வா."

வாளிக்குள் தேரைகள் முட்டி மோதின. டப்... டப்... டப்...

"வர்றேன், இரு."

சேறு கணுக்காலைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம்..."

7.11.

பின்னாலிருந்து ஒரு கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது. தையல் கிழிந்தது.

"கிறுக்கி, குளத்துக்குள்ள எங்கடீ போற?"

ரோஸ்விதா. கையில் வாளி. மூச்சு வாங்கினாள்.

அப்படியானால்...

"இல்சே... வா."

அவளுக்கும் கேட்டது.

க்ளக்... க்ளக்...

குளம் கீழே இறங்கியது.

நான் நின்ற சேறும்.

ஓடினோம்.

ஏப்ரலில் நில அளவையாளர் ஹார்ட்முட் வந்தார். எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய சுரங்கப் பாதை ஒன்றுதான் அடியில் இடிந்திருந்ததாம். குளம் இருந்த இடத்தில் விழுந்த குழிக்குள் கயிற்றில் கேமராவை இறக்கிப் படமும் ஒலியும் பதிவு செய்தார்கள். மறுநாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நேத்து நீங்க குழிப் பக்கம் வந்தீங்களாம்மா?"

"அன்னிக்கு ஓடி வந்ததோட சரி. அந்தத் திசையையே பாக்கல."

அவர் பதிவை ஓடவிட்டார். முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பெண் குரல்.

என் குரல்.

"ரோஸ்விதா... இன்னும் கொஞ்சம் வா."