ஏழு கால் ஆக்டோபஸும் சிவப்பு ஸ்டிக்கரும்

மாதேஸ்வரி அம்மையார் நாற்பத்தாறு வயது வரை கடலைப் பார்த்ததில்லை. அதில் அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் பிறந்த கல்லாவிக்கோ, பிழைக்க வந்த ஓசூருக்கோ கடல் ஒரு தடவையும் வந்து போனதில்லை. ஆனாலும் சென்ற ஆண்டு, கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு மழலையர் பள்ளியில், கடல்வாழ் உயிரினங்கள் அனைத்துக்கும் முழுப்பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இறுதிப் பரிசோதனை மேசையில் நின்றவர். பாகம் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், பிசிறு இருந்தால் சிவப்பு. இதைத் தவிர உலகத்தில் வேறு கருத்து எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. கல்யாணமான புதிதில் கணவர்கூடப் பச்சை வாங்கியவர்தான்; பிறகு மறுபரிசோதனை நடக்கவில்லை. ஒருநாள் கம்பெனி அந்த மேசையில் ஒரு கேமராவை உட்கார வைத்தது. கேமரா டீ கேட்பதில்லை என்பது அதன் கூடுதல் தகுதி.

பள்ளித் தாளாளர் ஜெயமணி கைவேலை மிஸ்ஸாக அவரைச் சேர்த்துக்கொண்டபோதே கறாராகப் பேசிவிட்டார்.

"மூணு மாசம் பாக்கலாங்க. கடைசியில கடல் கண்காட்சி வெச்சிருக்குது. பேரண்ட்ஸ் பாத்துட்டு நல்லாருக்குதுன்னா நீங்க பர்மனென்ட். இல்லன்னா மனசுல வெச்சிக்காதீங்க."

அம்மையார் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, மேசையில் வைத்தார். அட்டைப்பெட்டியில் மீன் வடிவத்தில் ஓர் ஓட்டை வெட்டினார். அதில் நுழைகிற மீன் மட்டுமே மீன். ரவை ஒட்டிய நட்சத்திர மீனுக்கு ஐந்து கையும் ஒரே அளவு இருக்க வேண்டும். நண்டின் கொடுக்குக்கு ஸ்கேல். கடலில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

முதல் சிக்கல் சுவேதா. ஐந்து வயது. காகிதத் தட்டில் கிரேப் தாள் கால் ஒட்டி ஆக்டோபஸ் செய்து கொண்டுவந்தாள்.

"எட்டு காலு சொன்னன். எண்ணிப் பாரு."

"எண்ணிட்டன் மிஸ். ஏழு."

"அப்ப இது ரிஜெக்ட்டு."

அம்மையார் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். சுவேதா அழவில்லை. அதை மெதுவாகப் பிய்த்துத் தன் நெற்றியில் பொட்டாக வைத்து, சாப்பாட்டு டப்பா மூடியில் முகம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. வகுப்பே ஆசையோடு பார்த்தது.

அன்றிலிருந்து தரம் சரியத் தொடங்கியது. மீனுக்கு மூன்று கண் முளைத்தது. ஆமை ஓடில்லாமல் வந்தது. ஜெல்லி மீனாக வேண்டிய காகிதக் கப் நூல் இல்லாமல் வெறும் கப்பாகவே வந்து நின்று, தன்னை ரிஜெக்ட் செய்யும்படி கேட்டது. பச்சை ஸ்டிக்கர்ச் சுருள் பிரிக்கப்படவே இல்லை. கண்காட்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம் கணக்கெடுத்தால் முப்பத்தெட்டு உயிரினம், முப்பத்தெட்டும் சிவப்பு. கேமராவுக்கு அடுத்து இப்போது ஆக்டோபஸ் தன் வேலையைத் தின்னப்போகிறது என்று அம்மையாருக்குத் தோன்றியது.

அப்போதுதான் 'டீவியேஷன்' ஞாபகம் வந்தது. கம்பெனி கேட்டில் லாரி நிற்கும், சரக்கில் சின்னக் குறை இருக்கும், திருத்த நேரம் இருக்காது. இன்ஜினியர் ஒரு சீட்டில் காரணத்தை எழுதி, 'இப்படியே ஏற்கலாம்' என்று கையெழுத்துப் போடுவார். பதினைந்து வருடம் அந்தச் சீட்டை மேசைக்கு மேசை சுமந்தவர் அம்மையார். பேனாவை மட்டும் யாரும் அவரிடம் கொடுத்ததில்லை.

கண்காட்சி நாளான சனிக்கிழமை காலை சொந்தப் பேனாவோடு உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தார்.

"எட்டாவது காலு எங்க?"

"ஷிஃப்டுக்குப் போயிருக்குது மிஸ். ரெண்டு மணிக்கு வந்துரும்," என்றாள் சுவேதா.

அம்மையார் யோசித்தார். முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்குத்தான் முடிகிறது. தகவல் சரி. ஒரு சீட்டில் எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

"ஆமைக்கு ஓடு?"

"வேற வீடு பாக்குது மிஸ். அத்திப்பள்ளி பக்கம்," என்றான் அடுத்து வந்த பையன்.

அதுவும் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு உயிரினத்தின் பக்கத்திலும் அதன் சீட்டு வைக்கப்பட்டது.

பெற்றோர் வந்தார்கள். சுவேதாவின் அப்பா ஆனந்தராஜ் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். ஆக்டோபஸின் சீட்டை ஆடிட்டுக்கு வந்தவர் மாதிரி இரண்டு முறை படித்தார்.

"எங்க பிளான்ட்ல இந்தச் சீட்டு வாங்க நாலு நாளு அலையணும்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். அவர் சிரிக்க, சிரிப்பு வரிசையாகப் போயிற்று. ஆமையைப் படம் பிடித்த ஒரு கன்னடத்து அம்மா "சென்னாகிதே", நன்றாக இருக்கிறது, என்றார்.

ஜெயமணிக்கு மட்டும் சந்தேகம். "ஏங்க, எல்லாமே ஒச்சமா, கொறையாவே இருக்குதே?"

"ஒச்சம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்குது மேடம். மத்த எடத்துல மறைப்பாங்க," என்றார் ஆனந்தராஜ்.

ஜெயமணி மறுபடி ஒருமுறை மேசைகளைச் சுற்றி வந்தார். பிறகு தானும் ஆமையைப் படம் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நியமன உத்தரவு கைக்கு வந்தது. அதில் பள்ளி முத்திரை தலைகீழாகக் குத்தியிருந்தது. அம்மையாரின் கை தானாகச் சிவப்புச் சுருளைத் தேடியது. சுருள் காலி. மிச்சமிருந்த கடைசி ஒன்றை அன்று காலை சுவேதா அவர் நெற்றியில் ஒட்டிவிட்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் உத்தரவு ஏற்கப்பட்டது.