வாகை மரம் சாய்ந்த மதியம்

பேய், பிசாசு, காத்துக் கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். லாரி ஓட்டிப் பிழைத்தவன், குமுளி மலைப்பாதையில் நேரங்கெட்ட நேரத்தில் எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு வெள்ளைச் சேலையையும் பார்க்கவில்லை, ஒரு கொலுசுச் சத்தமும் கேட்கவில்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே கோபத்தில்தான் இருக்கிறேன்.

ஓடைப்பட்டிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைப் பந்தல், நடுவில் நான் மட்டும் தேக்கு, இலவம், மலைவேம்பு என்று வைத்துக் காடாக வளர்த்திருக்கிறேன். பைத்தியக்காரன் என்று சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை, சொல்கிறவனுக்கு என்ன, வாய் அவனுடையது. மிஷின்கள் எல்லாம் பழசுதான் வாங்கினேன். பவர் டில்லர் கியர் மாற்றினால் ஊரையே கூட்டும், மரம் அறுக்கும் மிஷினைக் கம்பத்தில் ரஹீம் பாய் கடையில் எடுத்தேன், எவனோ மலையாளத்துக்காரன் விற்றுவிட்டுப் போனது. கொட்டகையில் இருக்கும் இரும்பு விறகடுப்புகூட ஒரு டீக்கடையை மூடும்போது வாங்கியதுதான். கழிக்கிற கிளையெல்லாம் அந்த அடுப்புக்கே போகும், அதில் என் வீட்டுக்காரி பாண்டியம்மாள் சமைப்பாள்.

ஓடையோரம் ஒரு வாகை மரம் பட்டுப்போய் நின்றது. அன்றைக்கு அதைச் சாய்த்துவிடலாம் என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டப்பகல், உச்சி வெயில். கொட்டகையில் பாண்டியம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள், வாசனை மூக்கைத் துளைத்தது. மரம் ஓடைப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது, கொட்டகை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அவளை வெளியே வரச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சாய்ந்த பக்கம் விழாமல் எந்த மரமாவது எதிர்ப்பக்கம் விழுமா, நீங்களே சொல்லுங்கள்.

மரம் விழவேண்டிய ஓடைப்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வாய் வெட்டிவிட்டுப் பின்பக்கம் அறுக்க ஆரம்பித்தேன். பாதி போனதும் மிஷின் நின்றுவிட்டது. எடுத்துத் தரையில் வைத்துக் கயிற்றை இழுத்தால் ஜம்மென்று ஓடுகிறது, கொண்டுபோய் மரத்தில் வைத்தால் நின்றுவிடுகிறது. மறுபடி இழுத்தேன், மறுபடி நின்றது. பாயையும் அதை விற்ற மலையாளத்துக்காரனையும் அவன் பரம்பரையையும் சேர்த்து வைத்துத் திட்டினேன், இங்கே சொல்ல முடியாது. திட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் என் பிடரிக்குப் பின்னால் ஒரு ஆம்பிளைக் குரல்.

"அவளெ விளிக்கெடா."

அவளைக் கூப்பிடுடா என்கிறான். மலையாளம். லாரி ஓட்டினவனுக்கு இது புரியாதா. மூச்சுக்காற்று கழுத்தில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் கேட்டது. சடாரென்று திரும்பினேன், ஒரு ஈ காக்கை இல்லை. பயந்தாயா என்று கேட்கிறார்கள். பயம் எங்கே வந்தது, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. என் நிலத்தில் நின்றுகொண்டு என் பெண்டாட்டியைக் கூப்பிடச் சொல்ல இவன் யார், என்னையே வாடா போடா என்று பேச இவன் யார்?

"ஏ பாண்டியம்மா! எவன்டி இங்கன வந்தது? வெளிய வாடி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

அவள் சும்மா வருகிற ஆள் இல்லை. கரண்டியும் கையுமாக விறுவிறுவென்று நடந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"என்னத்துக்கு இப்பிடித் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறீக? இங்கன யாரு வந்தாக? வெயிலு மண்டைக்கு ஏறிருச்சா? அங்கன கொழம்பு அடிபிடிக்கிது!"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், ஓர் இலை ஆடவில்லை, மிஷின் தரையில் கிடக்கிறது, மரம் தானாக மளமளவென்று முறிந்து, ஒரு திருகு திருகி, அப்படியே கொட்டகை மேல் விழுந்தது.

தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தோம். மரத்தின் உள்ளே முழுக்கப் பொந்து. இரும்பு அடுப்பு தகடாக நசுங்கி, குழம்புச் சட்டி தூள் தூளாகக் கிடந்தது. பாண்டியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே மிஷினைத் தூக்கிக்கொண்டு கம்பம் போனேன். குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். பாயைப் பார்த்ததும் "செத்தவன் மிஷினை என் தலையில கட்டிட்டீகளே, நீங்கல்லாம் நல்லா இருப்பீகளா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"யாருண்ணே செத்தா?" என்றார் பாய். "அந்த ஆளு குமுளிக்கு மேல உசுரோடதான் இருக்காரு. காலங்காத்தால ஏன் சண்டைக்கு வர்றீக? இருங்க, நீங்களே கேளுங்க."

போனைப் போட்டு, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார். ஒரு பெண் எடுத்தாள், அவனுடைய அக்காவாம். மிஷின் வாங்கினவர் பேசணுமாம் என்று பாய் சொன்னார்.

"அவன் யாரோடயும் பேச மாட்டான் பாய்," என்றாள் அந்த அம்மா. "அவன் சம்சாரம் கஞ்சி வெச்சிட்டு இருந்த ஷெட்டு மேலயே மரம் சாஞ்சிருச்சு. வெட்டினது அவன்தான். ஒரு சத்தம் கூப்பிட்டிருந்தா அவ வெளிய வந்திருப்பா. அன்னைக்கு அடைச்ச வாய், இன்னும் தொறக்கல."

அந்தப் பக்கம் போனை யாரோ வெடுக்கென்று பிடுங்குகிற சத்தம் கேட்டது.

"விளிச்சோ?"

கூப்பிட்டாயா என்று கேட்கிறான். அதே குரல், சத்தியமாக அதே குரல். அந்த அக்கா பின்னால் 'ஐயோ' என்று அலறுகிறாள், பாய் என் முகத்தைப் பார்க்கிறார்.

"விளிச்சேன்," என்றேன்.

"அவளு உண்டோ?"

"இருக்கா. நல்லா இருக்கா."

அதற்குப் பிறகு ஒரு அழுகை. லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தோம், எடுக்கவே இல்லை.

மிஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாய் காசைத் திருப்பித் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. இப்போதெல்லாம் நான் மிஷினை எடுத்தால் பாண்டியம்மாள் அடுப்பை விட்டு வெளியே வந்து, மலைப்பக்கம் பார்த்து, "நான் வெளிய வந்துட்டேன்ணே!" என்று கத்துகிறாள். அவள் கத்துகிறவரை எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் பிடிப்பதில்லை. கார்புரேட்டர் கோளாறு என்று நானும் சொல்லிக்கொள்கிறேன், கார்புரேட்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

என் கோபம் மட்டும் தீரவே இல்லை. எனக்கு ஒருத்தன் எங்கிருந்தோ வந்து பிடரியில் நின்று கூப்பிடச் சொன்னான், நான் கூப்பிட்டேன், என் பெண்டாட்டி பிழைத்தாள். அன்றைக்கு அவன் காதில் சொல்ல ஒரு நாதியும் வரவில்லையே. இதற்கு நான் யார் சட்டையைப் போய்ப் பிடிப்பது?