தண்ணீருக்கு ஒரு பெரட்டு

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, தண்ணீர் கொதிக்க வைத்து, முந்திய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தேன். பதுளையில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் சனி அரை நாள். மதியம் கடையிலிருந்தே பண்டாரவளை பஸ் ஏறி, அங்கிருந்து பூனாகலைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். தங்கை குடியிருக்கும் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறது.

கச்சான் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற இந்தக் காற்றுத்தான் மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலியை வற்ற வைப்பதும். நான் போய் இறங்கியபோது பீலியில் விரல் தடிப்புக்குத்தான் தண்ணீர் விழுந்தது. குடங்கள் வரிசையில் நின்றன.

"நல்ல நாள் பாத்து வந்தீங்கண்ணே, இன்னைக்குப் பெரட்டு" என்றாள் தங்கை.

பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, இன்று எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்வது. அது தோட்ட நிர்வாகம் போடுவது. இது லயத்துப் பெண்கள் தாங்களாகவே போட்டுக்கொள்வது. தண்ணீர், கோயில், யாருக்காவது ஆஸ்பத்திரி, எதுவானாலும் வேலை விட்டு வந்து படியில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். பேரை மட்டும் தோட்டத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைய பேச்சு என் மச்சானின் போஞ்சிப் பாத்தியைப் பற்றியது. தங்கையின் கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல வருடம் இருந்தவர். ஹோட்டல் மூடப்பட்டதும் ஊருக்கு வந்து, லயத்துக்குக் கீழே தரிசாகக் கிடந்த சரிவைத் தட்டுத்தட்டாக வெட்டிப் போஞ்சி என்கிற பீன்ஸும் கோவா என்கிற முட்டைக்கோசும் போட்டார். பீலித் தொட்டியிலிருந்து ஒரு குழாய் அங்கே போகிறது. இப்போது அந்த ஹோட்டல் திறந்துவிட்டது. திரும்பி வருகிறாரா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டும். போஞ்சி பூத்திருந்தது. குழாயை மூடினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் மச்சான் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். எனக்குத் தேநீர் ஊற்றிய தங்கை சீனி போட மறந்துவிட்டாள்.

கொழுந்து நிறுத்து வந்த பெண்கள் படியில் உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கு யாரு கங்காணி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாய் இருக்கிற எல்லாரும் கங்காணிதான்" என்றார் ஆறாம் காம்பரா வீட்டில் இருக்கும் அக்கா. லயத்தில் அவர் குரலுக்குத்தான் ஓசை அதிகம். "நான் நேராவே கேக்கிறேன். குடத்துக்குத் தண்ணி இல்லாம போஞ்சிக்கு ஊத்துறது நியாயமா?"

"அந்தப் போஞ்சியத்தானேக்கா மாசம் முழுக்கத் தின்னீங்க!"

"தின்னேன்டி. அதுக்காக என் குடம் காயணுமா?"

மச்சான் எழுந்து நின்றார். "அக்கா சொல்றது சரிதாங்க. இப்பவே கொழாய மூடிர்றேன்."

"மூடிட்டு? கொழும்பு ரயில்ல ஏறிருவீங்களோ? நீங்க அங்க இருந்தப்ப உங்க புள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, மழையில தூக்கிக்கிட்டு ஓடுனது யாரு? இனி ஓட எனக்கு முட்டி இல்ல சாமி. உக்காருங்க."

மச்சான் உட்கார்ந்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"டவுன் மாமா, உங்க தெருவுல தண்ணி நின்னா என்ன செய்வீங்க?"

"வீட்டுக்கு மேல தண்ணித் தாங்கி வச்சிருக்கேன்."

"பக்கத்து வீட்டுல?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாது."

"தெரியாதா!" என்று படி முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கொரு கறுப்புத் தாங்கி இருக்கிறது. யாருடையது காலி என்று யாரும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வரைக்கும் பக்கத்து வீடு தேவைப்படுவதில்லை. நகரத்து வசதி என்று நான் எண்ணியிருந்ததில் பெரும்பங்கு இதுதான்.

பிறகுதான் தங்கை வாய் திறந்தாள். "நாம ஆளாளுக்கு வாசல்ல தொவைக்கிறோம். அந்தத் தண்ணி எங்க போகுது?"

"கானுக்கு. சும்மா ஓடி வீணாப் போகுது."

"எல்லாரும் பாத்திக்கு மேல இருக்கிற கல்லுல தொவைச்சா?"

கொஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். சவர்க்காரத் தண்ணீர் வேருக்கு ஆகாது என்றார் மச்சான். துவைகல்லுக்கும் பாத்திக்கும் நடுவில் குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு, பக்கத்தில் வாழை வைத்துத் தெளியவிட்டால் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். சவர்க்காரத் தூள் வேண்டாம், கட்டிச் சவர்க்காரம் மட்டும் என்றாள் ஒருத்தி. அரிசி கழுவிய தண்ணீரும் வரட்டும் என்றாள் இன்னொருத்தி.

"அப்ப என் கிழிஞ்ச பாவாடைய லயமே பாக்கணுமா?"

"நாங்க பாக்காததாடி அது!"

சிரிப்பு அடங்கியதும் அக்கா முடிவைச் சொன்னார். குழாய் இன்றே மூடப்படும். பீலி குடத்துக்கு மட்டும். துவைப்பது எல்லாரும் கல்லில். தூரமாக இருக்கிறது என்று முனகினார்கள், மறுக்கவில்லை.

இந்த வாழ்க்கையை நான் அழகுபடுத்த விரும்பவில்லை. கூரைத் தகரம் ஓட்டை, பஸ் தவறினால் நடைதான். இதை நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்த தங்கையே, "நல்லா எழுதிட்டு நீங்க பஸ் ஏறிருவீங்க" என்றாள். உண்மைதான். ஆனாலும் இருக்கிற கொஞ்சத்தை எல்லாருக்கும் எட்டும்படி பிரிப்பது எப்படி என்று நகரங்கள் யாரிடமாவது கேட்கவேண்டுமானால், இந்தப் படியில் வந்து உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பிடும்போது மச்சான் மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தண்ணி மேல் தட்டுகளுக்குத்தான் காணும் மச்சான். கீழ்ப்பாதி காஞ்சிரும்."

"பாதிய வச்சு நான் ஆக்குறேன். நீங்க இருங்க" என்றாள் தங்கை. அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை, தேநீர்கூடக் குடிக்காமல், மச்சான் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறிக் கொழும்புக்குப் பேசினார். "இல்லங்க சார், வரல்ல. இங்க வேலை இருக்கு" என்றது கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது. இறங்கி வந்தவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கல்லுக்குக் கீழே குழி வெட்டத் தொடங்கினார்.