வால் எலும்பு விசாரணை

விஸ்வநத்தத்து இருளம்மாள் எதையும் விசாரிக்காமல் நம்பியதில்லை. 2004-இல், பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும் மருமகள் பாண்டிலட்சுமி, "உக்கார முடியலத்தே, வால் எலும்பு வலின்னு டாக்டரம்மா சொன்னாக" என்றபோது சந்தேகம் வலுத்தது.

"மனுசிக்கு ஏதுட்டி வாலு?"

நிற்கிறாள், நடக்கிறாள், படுக்கிறாள். பட்டாசுக் கம்பெனி தரும் தாளை வெடிக் குழாயாகச் சுருட்ட உட்கார்ந்தால் மட்டும் வலிக்கிறதாம். வேலைக்குப் பயந்து வரும் வலி என்று தீர்ப்பானது.

இந்நிலையில், தலையில் குடம் சுமப்பதற்கான துணிச் சும்மாடு காணாமல் போனது. இருளம்மாள் தேடிப் போனாள். மருமகள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். சும்மாடு அவளுக்கு அடியில் இருந்தது.

"தலைக்கு வைக்கிறத எங்கன வச்சிருக்க?"

"நடுவுல ஓட்டை இருக்குல்லத்தே. எலும்பு தரையில படல, வலிக்கல."

தடயத்தைச் சோதிக்காமல் தீர்ப்பை மாற்ற முடியாது. மருமகளை எழுப்பிவிட்டு இருளம்மாளே அதில் உட்கார்ந்தாள். கடைசி மகனைப் பெற்ற நாளிலிருந்து இருபத்தெட்டு வருடமாக ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்து வந்தவள், அன்றுதான் நேராக உட்கார்ந்தாள். வெகுநேரம் எழவில்லை.

"நீ வேற சும்மாடு சுத்திக்கோட்டி," என்றாள் கடைசியில். "எனக்கும் வாலு இருக்கு."