மாமாவின் தொகுதி

என் மாமா எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார். அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைக்குப் பக்கத்துக் குடிசை அவருடையது. கல்யாணமோ, அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவோ, குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்கிற சாக்கில் அரை மணி நேரம் பேசித் தீர்ப்பார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கட்சிக்காரர்கள் அவரை அழைத்துப் போனார்கள்.

அவருக்கு சீட் கிடைத்தபோது என் அம்மா உழைத்த மாதிரி யாரும் உழைக்கவில்லை. காந்தி நகரில் பாத்திரம் தேய்க்கிற வீடுகளுக்கெல்லாம் லீவு சொல்லிவிட்டு, "எங்கண்ணன் ஜெயிச்சா நம்ம குடிசைய எவனும் தொடமாட்டான்" என்று சந்து சந்தாக நடந்து சொன்னாள். மாமாவும் மேடையில் முழங்கினார்: "புல்டோசர் வந்தா மொதல்ல என் மேல ஏறட்டும்!"

ஜெயித்தார். ஜெயித்த கையோடு ஆழ்வார்பேட்டையில் மாடி வீட்டுக்குக் குடிபோனார். எம்.எல்.ஏ. என்றால் நாலு பேர் வந்து போக இடம் வேண்டாமா என்று அம்மா அதற்கும் நியாயம் சொன்னாள்.

நான் நாலாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில் புல்டோசர் வந்தது. பின்னாலேயே லாரிகளும் போலீசும். ஆற்றோரத்தைச் சுத்தப்படுத்தப் போகிறார்களாம். எங்களுக்கு ஊருக்கு வெளியே, ஏரிப் பக்கம் வீடாம். பெண்கள் வழியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் அம்மா.

"எங்கண்ணன் வந்துகினு கீறான். அதுவரிக்கும் எவளும் எழுந்திரிக்காதீங்கடி."

மாமாவின் வெள்ளைக் கார் வந்து நின்றதும் கைதட்டல் பறந்தது. அம்மா எழுந்து ஓடினாள். "அண்ணே, அவ்ளோ தொலைவு போனா வேலைக்கு எப்டிண்ணே வர்றது? இவங்கள திரும்பிப் போவச் சொல்லுண்ணே."

மாமா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் சட்டையில் செண்ட் மணத்தது.

"பாப்பா, லாரில முன்னால குந்திகினு போலாமா?"

கேட்க வேண்டுமா! வேகமாகத் தலையாட்டினேன். முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டு, படியில் நின்றபடியே கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"பாத்துக்கங்க! எந் தங்கச்சி பொண்ணுதான் மொத ஆளா போவுது. கெடுதலான எடம்னா என் வூட்டுப் பொண்ண அனுப்புவனா?"

நான் எல்லோருக்கும் கையாட்டினேன். யாரும் திருப்பி ஆட்டவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் எழுந்தாள். "உங்கண்ணனே ஏத்தி அனுப்பறாரு. அப்பால எங்கள இன்னாத்துக்கும்மே வெயில்ல குந்த வெச்ச?" என்று கேட்டுவிட்டு, சேலையை உதறிக்கொண்டு தன் குடிசைக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லோரும். மத்தியானத்துக்குள் தட்டுமுட்டுச் சாமான்கள் லாரிகளில் ஏறிவிட்டன. மாமா லாரியில் வரவில்லை. கார் ஆழ்வார்பேட்டைக்கே திரும்பிப் போனது.

டிரைவர் முன்னால் அம்மாவுக்கும் இடம் ஒதுக்கிக் கூப்பிட்டார். அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பின்னால் ஏறி, கழற்றிப் போட்ட கதவின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

புது இடத்திலிருந்து காந்தி நகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தாமதமாகிறது என்று ஒவ்வொரு வீடாக அம்மாவை நிறுத்தினார்கள். அவள் அண்ணனைப் பார்க்கப் போகவில்லை, அவரும் வரவில்லை.

அடுத்த தேர்தலில் மாமா மறுபடியும் நின்றார். ஆற்றங்கரையைச் சுத்தம் செய்தவர் என்று சுவரெல்லாம் எழுதி ஓட்டுக் கேட்டாராம். முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டு ரேடியோவில் அவர் பெயரைக் கேட்டதும், அம்மாவிடம் ஓடினேன். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா ஜெயிச்சிட்டாரு!"

"ஜெயிப்பான். நம்ம ஓட்டுதான் இப்ப அந்தத் தொகுதில இல்லியே" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்த அண்ணனுக்கு ஓட்டுப் போட முடியாமல் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறாள் போலும் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.