பாதாளத்துக்கு ஆடி அழைப்பு

நாவல் எழுதுவது பாதித் தொழில்தான். எழுதியதைப் புத்தகக் கண்காட்சியில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இரண்டு வரியில் புரியவைப்பது மீதிப் பாதி. முதல் பாதிக்கு எனக்கு மூன்று வருஷம் ஆனது. மீதி, தஞ்சாவூரில் ஆனி மாதத்துப் பத்தே நாள். ஆனால் அதில்தான் முடி நரைத்தது. இந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் எழுதியது கிரேக்க புராணத்தை என் போக்கில் திருப்பிச் சொல்லும் மாயக்கதை. விளைச்சலுக்கு அதிபதி டிமீட்டர் என்கிற தேவி. அவளுடைய ஒரே மகள் பெர்செபோனி. பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாள ராஜா தன் ராணியாக்கிக்கொள்ளத் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மண்ணுக்கடியில் போய்விடுகிறான். அங்கே அவள் பசி தாங்காமல் ஆறு மாதுளை முத்துகளைத் தின்றுவிடுகிறாள். பாதாளத்தில் சாப்பிட்டவர்கள் வெளியே வர முடியாது. முதல் பாகம் அங்கே முடிகிறது.

தேவராஜன் தலையிட்டு, முத்துக்கு ஒரு மாதமாக வருஷத்தில் ஆறு மாதம் பாதாளம், மீதி ஆறு மாதம் தாய்வீடு என்று தீர்ப்பாகி அவள் திரும்புவது இரண்டாம் பாகத்தில். கண்காட்சியின் முதல் நாளே அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கட்டாகக் கட்டிப் பதிப்பாளர் குணசேகரனிடம் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. "மொதல்ல இது போகட்டும் டீச்சர், அப்புறம் அதைப் பார்ப்போம்" என்று மேசைக்கடியில் தள்ளிவிட்டார். முதல் பாகம் போகாவிட்டால் என் பெண் பாதாளத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பத்து நாளும் எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

எதை அளக்கிற மீட்டர்?

முதலில் வந்து நின்றவர் சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்த ஒரு எலக்ட்ரீஷியன். பின்னட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "வோல்ட்மீட்டர் தெரியும், அம்மீட்டர் தெரியும். இந்த டிமீட்டர் எதை அளக்கும் மேடம்?" என்றார். அது சாமி பெயர் என்றேன். பதறிப்போய்ப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து ஸ்டாலில் சமையல் புத்தகம் விற்கும் ராஜாத்தி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கடையில் கூட்டம் நெட்டித் தள்ளியது. சாயங்காலம் என்னிடம் வந்து, என் கதைப் பெண்ணின் பெயரை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னார்: "பேருலயே போனிய வச்சிக்கிட்டு, இன்னும் போனி ஆகலியே டீச்சர்!"

நடக்கிற சாமி

மூன்றாம் நாள் சுவாமிமலையிலிருந்து ஒருவர் வந்தார். சிலை வார்க்கிறவர். அட்டைப்படத்தில் முகம் மட்டும் தெரிகிற தேவியை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கேள்வி கேட்ட வேகத்தில் பரீட்சைக்கு வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை கை? இரண்டு. கையில் என்ன? ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் கோதுமைக் கதிர். "கோதுமையா?" என்று முகம் சுளித்தார். நெற்கதிர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெழுகில் பிடித்துவிடுவாராம்.

நின்ற கோலமா, உட்கார்ந்த கோலமா என்று கேட்டார். இரண்டும் இல்லை, மகளைத் தேடி நடந்துகொண்டே இருக்கிறாள் என்றேன். புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்தார். "அலையிற சாமிய வார்க்கிறது கஷ்டங்க. பொண்ணு கெடைச்சு, அந்தம்மா ஒரு எடத்துல உட்கார்ந்த பெறகு சொல்லி அனுப்புங்க."

விதை மோசம்

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், கையில் மஞ்சப்பை. மகளைத் தொலைத்த துக்கத்தில் தேவி உலகத்தில் ஒரு விதையையும் முளைக்க விடவில்லை என்று நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே புகுந்தார். "ஆத்துல தண்ணி வந்துச்சா?" வந்தது. "மொறை வச்சு விட்டாங்களா?" இல்லை, தினமும் வந்தது. "மழை?" பெய்தது. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வீட்டில் படிப்பார்கள் என்று ஒரு பிரதி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் காலில் விழாத குறை. இரண்டடி போனவர் திரும்பி வந்து காதோடு சொன்னார்: "தண்ணியும் இருந்து மழையும் இருந்து மொளைக்கலேன்னா, அது சாமி கோவம் இல்லீங்க. எந்தக் கடையில விதை வாங்குனாங்கன்னு மொதல்ல விசாரிங்க."

ஆறு முத்து

ஆறு மாதுளை முத்துக்கு இவ்வளவு தண்டனையா என்று ஒரு கல்லூரிப் பெண் சண்டைக்கு வந்தாள். அது குறியீடு, அடையாளம் என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது ராஜாத்தி அக்கா அங்கிருந்தே ஒரே போடாகப் போட்டார்: "சம்பந்தம் முடிவாகாத வீட்டுல கை நனைக்கலாமா? நனைச்சா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்!"

மூன்று வருஷம் எழுதிய எனக்கு இது தோன்றவில்லையே என்று அன்றைக்குப் பொறாமையாகவே இருந்தது.

மீதி எங்கே?

கடைசி நாள் மத்தியானம். விற்காத பிரதிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தோம். குணசேகரன் இரண்டாம் பாகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்போது ஒரு அம்மா என் புத்தகத்தோடு விறுவிறுவென்று வந்தார். விதை மோசம் என்றாரே, அவருடைய மனைவி. பெயர் செல்வராணி. "எழுதுனது நீங்கதானா? மீதி எங்க?" என்றார். நான் பதிப்பாளரைக் கைகாட்டினேன். அவர் டீயை உறிஞ்சியபடி, "பார்ப்போம்மா, இது கொஞ்சம் போகட்டும்" என்றார்.

"எது போகட்டும்ங்கறீங்க? அந்தப் பொண்ணு கை நனைச்சிருச்சு, சம்பந்தம் முடிஞ்சிருச்சு, சரி. ஆடி பொறக்கப் போவுது. மொத ஆடிக்குக் கூட அழைக்காம விட்டா பெத்தவள ஊர்ல என்ன பேசுவாங்க? நீங்க பொண்ணு பெத்தவருதானே?"

குணசேகரன் டம்ளரைக் கீழே வைத்தார். வைகாசியில்தான் அவர் தன் மகளை நாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். ஆடிக்கு அழைத்து வர வேன் ஏற்பாடு செய்வதுதான் பத்து நாளும் போனில் பேச்சு. குனிந்து, மேசைக்கடியிலிருந்து என் கட்டை இழுத்துத் தூசி தட்டி, சணலைப் பிரித்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. கடைசி அத்தியாயத்தைப் புரட்டியவர் நெற்றியைச் சுருக்கினார். கிரேக்கக் கணக்குப்படி அவள் வசந்தத்தில் திரும்புவாள் என்பதால் நான் பங்குனி என்று எழுதியிருந்தேன்.

"பங்குனியில வந்து வெடிச்ச வயலப் பாக்கவா? ஆடின்னு திருத்திக் குடுங்க டீச்சர், பதினெட்டாம் பெருக்குக்குள்ள அச்சடிச்சுப் பொண்ண அழைச்சிடுவோம்."

ஆகவே சக எழுத்தாளர்களே, தேவராஜனே தலையிட்டும் அரை வருஷத்துக்கு மேல் மீட்க முடியாத பெண்ணை நீங்கள் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டுமானால், நல்ல விமர்சகரைத் தேடி அலையாமல், புதிதாகப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த பதிப்பாளராகப் பார்த்துப் பிடியுங்கள்.